தீர்ந்தது என்று யார் சொல்ல வேண்டும்?

வாடிக்கையாளர் சேவைக்காக நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் சந்தாவைப் புதுப்பிப்பது வருடா வருடம் ஒரே மாதிரிதான் நடக்கும். குழுவில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு, பெருக்கிப் பார்த்து, கொஞ்சம் பேரம் பேசி, கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கடைசியாக வந்த விலைப்பட்டியலில் அந்தப் பெருக்கலே இல்லை. சீட், அதாவது ஆளுக்கு ஒன்றாக வாங்கும் உரிமம், அதன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர்களே எழுதியிருந்தார்கள். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: வாடிக்கையாளருக்குத் தானே பதில் எழுதும் ஏஐ ஏஜென்ட் தீர்த்துவைக்கும் ஒவ்வொரு உரையாடலுக்கும் இவ்வளவு. "தீர்க்கலைன்னா நீங்க காசே தர வேண்டாம்" என்றார் விற்பனைப் பிரதிநிதி. கேட்க நன்றாக இருந்தது. எங்கள் நிதிப் பிரிவுக்கு இன்னும் நன்றாக இருந்தது.

ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் 'தீர்ந்த உரையாடல்' என்பதற்கு விளக்கம் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர் தன் சிக்கல் தீர்ந்தது என்று சொன்னால் தீர்ந்தது. அல்லது, ஏஜென்டின் கடைசிப் பதிலுக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் அவர் திரும்ப எதுவும் எழுதாமலும், மனிதரிடம் பேச வேண்டும் என்று கேட்காமலும் இருந்தால் அதுவும் தீர்ந்தது. இந்த இரண்டாவது பாதிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. பல மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏஐ பற்றி வேறு எதைப் படித்தாலும் கடைசியில் இந்த வரியில்தான் வந்து நிற்கிறேன். ஸ்டார்ட்அப், முதலீடு, அலுவலக மென்பொருள் எல்லாவற்றிலும் இப்போது நடக்கும் மாற்றம் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. மென்பொருள் விற்றவர்கள் இப்போது வேலையை விற்கிறார்கள். வேலை முடிந்ததா இல்லையா என்று எண்ணும் உரிமையும் அவர்கள் கைக்கே போய்விட்டது.

சீட் கணக்கு ஏன் உடைந்தது

மென்பொருளைப் பெட்டியில் வாங்கி நிறுவும் காலம் போய், இணையம் வழியாக ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டும் முறை வந்ததில் 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முறையில் ஒரு நேர்மை இருந்ததாகவே நினைக்கிறேன். வாங்குபவர் வளர்ந்து ஆள் சேர்த்தால் விற்பவருக்கும் வருமானம் கூடும், ஆள் குறைத்தால் குறையும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கலாம், அதில் சண்டை வராது. முதலீட்டாளர்களுக்கு இது ஏன் பிடித்தது என்பதும் தெரிந்ததே. மாதாமாதம் வரும் சந்தா, இன்னொரு சீட் விற்றால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நூறு டாலர் வருமானத்தில் எழுபது எண்பது டாலர் மொத்த லாபமாக நிற்கும். இந்தக் கணக்கின் மேல்தான் இருபது வருட ஸ்டார்ட்அப் முதலீடு பெரும்பாலும் உட்கார்ந்திருந்தது.

ஏஐ இந்தக் கணக்கின் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டது. ஏஜென்ட் நன்றாக வேலை செய்தால் வாடிக்கையாளருக்கு ஆள் குறையும், ஆள் குறைந்தால் சீட் குறையும். அதாவது தன் பொருள் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ விற்பவருக்கு அவ்வளவு வருமானம் குறைந்துவிடும். இன்னொரு பக்கம், ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் இருக்கும் ஏஐ மாடலை ஓட்ட வேண்டும், அது படித்து எழுதும் ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல்துண்டுக்கும்) யாரோ ஒருவர் காசு கட்ட வேண்டும். அதிகமாகப் பயன்படுத்துகிற வாடிக்கையாளர் நஷ்டம் கொடுப்பவராகிவிடலாம் என்பது பழைய மென்பொருள் தொழிலில் பெரும்பாலும் கேள்விப்படாத விஷயம். கோட் எழுத உதவும் கர்ஸர் 2025 ஜூனில் கட்டண முறையை மாற்றியதும் இதனால்தான். கடினமான வேலைகளுக்குப் புதிய மாடல்கள் அதிக டோக்கன் தின்கின்றன என்று காரணம் சொன்னார்கள். பயனர்களுக்கு எதிர்பாராத பில் வந்து, ஜூலையில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

2023-ல் மைக்ரோசாஃப்ட் அலுவலக வேலைக்கு உதவும் தன் ஏஐ கருவியான கோபைலட்டுக்கு ஆளுக்கு மாதம் 30 டாலர் என்று விலை வைத்தபோது அது இன்னும் சீட் கணக்குதான். அதே வருடம், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் இன்டர்காம் தன் ஃபின் ஏஜென்டுக்கு, தீர்த்துவைக்கும் உரையாடல் ஒன்றுக்கு 99 சென்ட் என்று அறிவித்தது. 2024-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் உரையாடலுக்கு 2 டாலர் என்று வந்தது, அடுத்த வருடமே ஏஜென்ட் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் 10 சென்ட் என்ற இன்னொரு கணக்கையும் சேர்த்தது. சீட் முறையைப் பரவலாக்கிய நிறுவனமே அதை விட்டு வெளியே நடக்கப் பார்க்கிறது என்றால், மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை.

சம்பளத்தைக் குறிவைக்கும் பணம்

முதலீட்டாளர்கள் இப்போது ஸ்டார்ட்அப்களிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கதைதான். ஒரு நிறுவனம் மென்பொருளுக்குச் செலவழிப்பது கொஞ்சம், சம்பளத்துக்குச் செலவழிப்பது பல மடங்கு. கருவியை விற்றால் அந்தக் கொஞ்சத்தில் பங்கு கிடைக்கும், வேலையையே விற்றால் சம்பளத்தில் பங்கு கிடைக்கும். இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. நிதானமாக யோசித்தால் அதில் பொய்யில்லை, உண்மையிலேயே அப்படித்தான் பணம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் இருப்பவர்களோடு தினமும் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு அதை வெறும் 'சந்தை அளவு' என்று படிக்க முடிவதில்லை.

இந்த ஓட்டத்தில் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு முழுக்கத் தொடர்ந்து வரும் வருமானம் என்று ஒரு எண்ணைச் சொல்கிறார்கள், சுருக்கமாக ஏஆர்ஆர். ஒரு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கினாலே அந்த எண் வந்துவிடும். ஆனால் சோதித்துப் பார்க்க வந்தவர் மூன்றாவது மாதம் போய்விட்டால் அது தொடர்ந்து வருவதில்லை. ஜாஸ்பர் என்ற எழுத்து உதவி நிறுவனம் 2022 அக்டோபரில் 150 கோடி டாலர் மதிப்பில் முதலீடு வாங்கியது. நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐயின் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த வருடம் ஜாஸ்பர் ஆட்குறைப்பு செய்தது. நல்ல பொருள், நல்ல வருமானம், எல்லாம் இருந்தது. ஆனால் அடியில் ஓடும் மாடல் தன்னுடையது இல்லை, அந்த மாடலை வைத்திருப்பவர் நேராகக் கடை திறந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

2025 ஜூலையில், கோட் எழுத உதவும் கருவி விற்ற விண்ட்சர்ஃபுக்கு நடந்தது இன்னொரு மாதிரி. ஓப்பன்ஏஐ வாங்குவதாக இருந்த பேச்சு முறிந்தது. கூகுள் சுமார் 240 கோடி டாலர் கொடுத்துத் தொழில்நுட்ப உரிமத்தையும் தலைமைச் செயல் அதிகாரியையும் சில ஆய்வாளர்களையும் எடுத்துக்கொண்டது. நிறுவனம் அப்படியே இருந்தது, மீதி ஊழியர்களும் இருந்தார்கள், தங்கள் பங்குக்கு என்ன மதிப்பு என்று தெரியாமல். அந்த வார இறுதி கழிந்து திங்கட்கிழமை காக்னிஷன் என்ற இன்னொரு ஏஐ ஸ்டார்ட்அப் மிச்சத்தை வாங்கியது. இதற்கு முன் இன்ஃப்ளெக்‌ஷன், அடெப்ட், கேரக்டர் ஏஐ என்ற ஏஐ ஸ்டார்ட்அப்களிடம் 2024 முழுக்க இதே பாணியை மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள் மூன்றும் செய்து காட்டியிருந்தன. ஸ்டார்ட்அப்பில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, பங்கு என்றாவது பலன் தரும் என்று காத்திருக்கும் ஒரு சாதாரண ஊழியருக்கு இது பெரிய அடி. நிறுவனம் 'வெற்றி' பெற்றது என்று செய்தி வரும், அந்த வெற்றி யார் கணக்கில் ஏறியது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரு உரையாடல்

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். விற்றவர் பெயர் வேண்டாம். இது ஒரு நிறுவனத்தின் குற்றம் என்பதைவிட ஒரு முறையின் இயல்பு என்றே நினைக்கிறேன்.

ஏஜென்டை இயக்கத் தொடங்கிய பிறகு டாஷ்போர்டில் தீர்வு விகிதம் என்று ஒரு பச்சை எண் வரும், அது வாரா வாரம் ஏறிக்கொண்டே போனது. நிர்வாகக் கூட்டத்தில் அந்த எண்ணைத்தான் காட்டினார்கள். எங்கள் குழுவில் நீண்ட காலமாக இருக்கும் ஒருவர், எரிச்சலோடு எழுதும் வாடிக்கையாளர்களை எல்லாம் அவரிடம்தான் அனுப்புவோம், ஒருநாள் தன் திரையைத் திருப்பி, "இதைக் கொஞ்சம் படிங்க" என்றார்.

ஒரு வாடிக்கையாளரிடம் ஒரே மாதத்துக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. ஏஜென்ட் கனிவாக வருத்தம் தெரிவித்து, பணம் திரும்பப் பெறும் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தது. அந்தப் பக்கத்தில் நுழைய அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரி வேண்டும், அந்த முகவரி அவரிடம் இப்போது இல்லை. அதைச் சொன்னார். மின்னஞ்சலை மாற்றும் வழியை ஏஜென்ட் படிப்படியாக விளக்கியது, ஒரு பிழை இல்லாமல். அந்தப் படிகளில் முதலாவது, பழைய முகவரிக்கு வரும் குறியீட்டை உள்ளிடுவது. அந்த முகவரிதான் இல்லையே என்று மறுபடியும் எழுதினார். ஏஜென்ட் மறுபடியும் வருத்தம் தெரிவித்து, முதலில் கொடுத்த இணைப்பையே கொடுத்து, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. அவர் "சரி விடுங்க" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மனிதரிடம் பேச வேண்டும் என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்கலாம் என்று தெரிந்திருக்காது. குறிப்பிட்ட நேரம் கழிந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் 'தீர்ந்தது' என்று வந்தது, எங்கள் கணக்கில் கட்டணமும் ஏறியது.

"இது தீர்ந்தது இல்லைங்க, ஆள் வெறுத்துப் போயிட்டாரு" என்றார் திரையைத் திருப்பியவர். சில வாரம் கழித்து அந்த வாடிக்கையாளர் வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்ப எடுத்து, கணக்கையும் மூடியிருந்தார். அது வேறொரு பிரிவின் அறிக்கையில் வேறொரு எண்ணாக விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே இல்லை, அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருந்த ஒருவரைத் தவிர.

அதற்கப்புறம் நாங்கள் உட்கார்ந்து 'தீர்ந்தது' என்று குறிக்கப்பட்டவற்றிலிருந்து கலந்து எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்தோம். நியாயமாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவை உண்மையிலேயே தீர்ந்திருந்தன. கடவுச்சொல் மறந்தவர், ரசீது நகல் கேட்டவர், நடுராத்திரியில் ஒரு அமைப்பை எங்கே மாற்றுவது என்று கேட்டவர், இவர்களுக்கெல்லாம் சில நொடிகளில் சரியான பதில் போயிருக்கிறது. முன்பு இவர்கள் காலைவரை காத்திருந்திருப்பார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மௌனமாகப் போனவர்களில், நன்றி சொல்லத் தோன்றாமல் போனவரும் சலித்துப் போனவரும் ஒரே நிறத்தில் கலந்திருந்தார்கள். பிரித்துக் காட்ட விற்பவருக்கு எந்த அவசியமும் இல்லை. பிரித்தால் அவருக்கு வருமானம் குறையும்.

அளப்பவர் யார்

மௌனத்தை விடுங்கள், வாடிக்கையாளரே திருப்தியோடு போனாலும் கணக்கு தப்பலாம். 2022-ல் ஒருவர் தன் பாட்டி இறந்த நேரத்தில் ஏர் கனடாவின் சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் எடுத்துவிட்டு 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. நம்பி எடுத்தார். பயணத்துக்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் உண்மையான விதி. 2024 பிப்ரவரியில் கனடாவின் ஒரு தீர்ப்பாயம் விமான நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்றது, சாட்பாட் சொன்னதற்கு நிறுவனம் இல்லை, சாட்பாட்டே பொறுப்பு என்கிற மாதிரியான வாதத்தை ஏற்கவில்லை. என் கவனம் போனது வேறு இடத்துக்கு. எங்கள் ஒப்பந்தத்தின்படி பார்த்தால் அந்த உரையாடல் ஒரு முழுமையான 'தீர்வு'. கேள்வி வந்தது, பதில் போனது, அவர் நிம்மதியாகக் கிளம்பினார். அன்றைய டாஷ்போர்டில் அது பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

தவணைக் கட்டணச் சேவை தரும் கிளார்னா என்ற நிறுவனம் 2024 பிப்ரவரியில் தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டது, 700 முழுநேர ஊழியர்களின் வேலைக்குச் சமம் என்று அறிவித்தது. அந்த 700 என்ற எண் எத்தனை நிறுவனங்களின் விளக்கப் படங்களில் வந்திருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 2025 மே மாதத்தில் அதே நிறுவனத்தின் தலைவர், செலவையே பெரிய அளவுகோலாக வைத்ததில் தரம் குறைந்துவிட்டது என்று சொல்லி, வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் மனிதரிடம் பேசலாம் என்ற நிலை வேண்டும், அதற்கு ஆள் எடுக்கிறோம் என்றார். ஏஐ பயன்பாட்டை அவர்கள் விட்டுவிடவில்லை. எதை வைத்து அளப்பது என்பதை மாற்றினார்கள். எனக்கு அந்த 700-ஐவிட இந்த மாற்றம்தான் முக்கியமான செய்தி. ஆனால் இது அவ்வளவு தூரம் பரவவில்லை.

பயன்படுத்துபவரின் சொந்த உணர்வையும் முழுசாக நம்ப முடியாது என்பதற்கு மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் செய்த சோதனை ஒன்று உண்டு. தங்களுக்கு நன்கு பழக்கமான திறந்தமூலத் திட்டங்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலி நிரலாளர்கள், 246 வேலைகள். சிலவற்றுக்கு ஏஐ கருவி அனுமதி, சிலவற்றுக்கு இல்லை. ஏஐ இருந்தபோது அவர்கள் 19 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். முடித்த பிறகு கேட்டால், 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். சின்ன சோதனை, அந்தக் காலத்துக் கருவிகள், எல்லா வேலைக்கும் பொருந்தாது. இருந்தாலும் அதைப் படித்ததிலிருந்து 'எங்கள் குழு வேகமாகிவிட்டது' என்று யார் சொன்னாலும் எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சேவைக் குழுவில் வேலை செய்யாதவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே வரும் புகார்கள் தீர்த்துத் தள்ள வேண்டிய பாரம் மட்டுமே என்று நினைப்பார்கள். எங்கள் பொருளில் என்ன உடைந்திருக்கிறது என்பது எங்களுக்கு முதலில் தெரிவது அங்கேதான். ஒரே வாரத்தில் நாலு பேர் பழைய மின்னஞ்சல் பிரச்சினையோடு வந்தால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் எங்கள் குழுவில் யாராவது நிரலாளரின் மேஜைக்குப் போய், "இந்தப் பக்கத்தை மாத்துங்க" என்று நிற்பார்கள். அந்த நடை எந்த மென்பொருளின் அறிக்கையிலும் வராது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கடவுச்சொல் கேள்விகளில் ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில் பொருளின் சந்துபொந்தெல்லாம் தெரிந்துகொண்டு, சிலர் சோதனைப் பிரிவுக்கும் சிலர் தயாரிப்புப் பிரிவுக்கும் போயிருக்கிறார்கள். எளிய கேள்விகளை எல்லாம் ஏஜென்ட் எடுத்துக்கொண்டால் அந்த முதல் படி எங்கே இருக்கும்? சீட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதியவர் இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை, அது அவர் வேலையும் இல்லை. எங்கள் வேலை. எங்கள் பக்கத்திலும் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

ஒப்பந்தத்தில் கேட்டது

பேச்சுவார்த்தைக்கு மறுபடி உட்கார்ந்தபோது ஏஜென்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ராத்திரி கேள்விக்கு ராத்திரியே பதில் கிடைப்பதை வாடிக்கையாளரிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. நாங்கள் கேட்டது: மௌனத்தைத் தனி வகையாகக் காட்ட வேண்டும், தீர்வோடு சேர்க்கக் கூடாது. ஒரே சிக்கலோடு வாடிக்கையாளர் மின்னஞ்சல், தொலைபேசி, வங்கி என்று எந்த வழியாகத் திரும்பி வந்தாலும் முதலில் போட்ட கட்டணம் கழிய வேண்டும். ஒரே பதிலை ஏஜென்ட் இரண்டாவது முறை கொடுக்க நேர்ந்தால் கேட்காமலே மனிதரிடம் மாற்ற வேண்டும். எங்கள் ஆட்கள் மாதாமாதம் ஒரு பகுதியைப் படித்துப் பார்த்து 'இது தீரவில்லை' என்று குறித்தால் அந்தத் தீர்ப்பே இறுதி.

மூன்றாவதை உடனே ஒத்துக்கொண்டார்கள். முதலாவதை அறிக்கையில் பிரித்துக் காட்டுகிறோம், ஆனால் கட்டணம் உண்டு என்றார்கள். வங்கி வழியாகத் திரும்பி வருவதைத் தங்களால் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள், அது நியாயமான பதில்தான், அந்தத் தரவு எங்களிடம்தான் இருக்கிறது. கடைசியாகக் கேட்டதில்தான் இழுபறி. எங்கள் ஆளின் கண்ணுக்கு இறுதி அதிகாரம் கொடுத்தால் வருமானத்தை முன்கூட்டியே கணிக்க முடியாது, முதலீட்டாளர்களுக்குக் காட்டும் எண் ஆடும் என்று அந்தப் பிரதிநிதியே வெளிப்படையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, உண்மையைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு பதிலில் ஸ்டார்ட்அப், முதலீட்டாளர், எங்கள் சேவைக் குழு, "சரி விடுங்க" என்று எழுதியவர் எல்லாரும் ஒரே கயிற்றின் வெவ்வேறு முனைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

இப்போதைக்கு மாதாந்திரச் சரிபார்ப்பை ஒரு வரம்புக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், வரம்புக்கு மேல் போனால் மறுபடி பேசலாம் என்று. படிக்கும் பொறுப்பு, திரையைத் திருப்பிக் காட்டியவரிடம்தான். அதற்காக அவருடைய வேலை நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், நிதிப் பிரிவிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு ஒப்பந்தம் மேஜைக்கு வந்திருந்தால், விலைக்கு முன்னால் பின்னிணைப்பைப் படியுங்கள். நான் கேட்டதைவிட நல்ல விளக்கத்தை யாராவது எழுதி வாங்கியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள், அடுத்த புதுப்பிப்புக்குள் எனக்கு அது தேவை.